இந்திய முட்டையைப் பரிசோதிக்கச் சொன்ன நாம், ஊர் முட்டையைப் பற்றி ஏன் கேட்பதில்லை?



நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு கொமென்ட் போட வேண்டாம். சென்ற முறை பாடசாலை கன்டீன் பற்றி எழுதியபோது பட்டது போதும்.

2023 மார்ச் மாதம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். தீன் இல்லை, சோளம் இல்லை, டொலர் இல்லை. பண்ணைக்காரர்கள் முட்டையிடும் கோழிகளையே இறைச்சிக்கு விற்றுத் தள்ளியிருந்தார்கள். முட்டை 50 ரூபாயைத் தாண்டியது. அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் இந்தியாவிலிருந்து 20 இலட்சம் முட்டைகளை முதல் தொகுதியாக இறக்கியது. அந்த வாரம் எமது வட்சப் குழுக்களில் என்ன நடந்தது? "இந்தியாவில் கோழிக்கு என்ன மருந்து அடிக்கிறார்களோ", "பரிசோதிக்காமல் விடக் கூடாது", "பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்". மாவனல்லையிலிருந்து பலாங்கொடை வரை ஒரே பேச்சு. அதிகாரிகளும் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் பேக்கரிகளுக்கு விட்டார்கள்.

கேட்டது சரி. அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. நாம் கேட்பது இதுதான்: குருநாகலிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கிழமைக்கு இரண்டு முறை லொறியில் வந்து இறங்கும் முட்டைக்கு, எமது தோட்டப்புறங்களில் லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி வளர்க்கும் கோழியின் முட்டைக்கு, அதே கேள்வியை நாம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? விலையைக் கேட்கிறோம். பெரிதா சின்னதா, சிவப்பா வெள்ளையா என்று பார்க்கிறோம். காதருகே வைத்து ஆட்டியும் பார்க்கிறோம். கோழி என்ன தின்றது என்று கேட்டதில்லை.

எமது ஊர்ப் பக்கம் நடப்பதைச் சொல்கிறோம். கடையின் பெயர் வேண்டாம். ஒரு கடை மட்டும் செய்வதுமல்ல இது. தோட்டத்திலிருந்து ஒரு தாய் வருகிறார். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் பஸ் பிடித்து வந்தவர். "முதலாளி, ரெண்டு கோழி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. முட்டையும் கொறஞ்சிருச்சி." கடைக்காரர் எழுந்திருக்கக்கூட இல்லை. தட்டிலிருந்து ஒரு பக்கட் பவுடரை எடுத்து மேசையில் போடுகிறார். "இந்தாங்க அக்கா, தண்ணில கலந்து எல்லாத்துக்கும் குடுங்க. அஞ்சு நாள். வருத்தம் இல்லாட்டியும் மாசத்துக்கு ஒரு தரம் குடுங்க, முட்டை கூடும்." மிருக வைத்தியரின் துண்டு கேட்கவில்லை. என்ன வருத்தம் என்று பார்க்கவில்லை. அந்த ஐந்து நாளும் அதற்குப் பிறகும் போடும் முட்டையை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தாய் அடுத்த நாள் காலையில் 30 முட்டையைக் கொண்டுவந்து அதே தெருவில் விற்கிறார். அதை வாங்கிப் பிள்ளைக்கு அவித்துக் கொடுப்பது நாம்தான்.

அந்தப் பக்கட்டில் என்ன இருக்கிறது? சில நேரம் ஒக்சிடெட்ராசைக்கிளின், சில நேரம் டொக்சிசைக்கிளின், சில நேரம் என்ரோஃப்ளொக்சசின். கடைசிப் பெயரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது கோழியின் உடலுக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளொக்சசினாக மாறுகிறது. சிப்ரோ என்றால் எமது வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். வாப்பாவுக்குச் சிறுநீர் எரிச்சல் என்றால் டொக்டர் எழுதும் அதே குளிசை. அமெரிக்கா 2005ஆம் ஆண்டு கோழிகளுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதையே தடை செய்தது. வேறு பல நாடுகளில் பக்கட்டிலேயே எழுதியிருக்கும், மனிதர் சாப்பிடும் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. எமது கடைகளில் அந்த எழுத்தை வாசிக்க ஆளில்லை.

முட்டைக் கோழிக்கு இது ஏன் கூடுதல் பிரச்சினை? இறைச்சிக் கோழி 35, 40 நாளில் அறுபட்டுப் போகிறது. கடைசி நாட்களில் மருந்தை நிறுத்தினால் உடலில் இருப்பது பெரும்பாலும் வெளியேறிவிடும். முட்டைக் கோழிக்கு அப்படிக் கடைசி நாட்கள் என்று ஒன்று கிடையாது. ஐந்து மாதத்தில் முட்டையிடத் தொடங்கினால் ஒன்றரை வயது வரை கிட்டத்தட்ட தினமும் இடுகிறது. அதன் வயிற்றுக்குள் எந்த நேரமும் வெவ்வேறு பருவத்தில் பல மஞ்சள் கருக்கள் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு மஞ்சள் கரு பெரிதாக வளர்ந்து முடிக்கப் பத்து நாள் அளவில் எடுக்கும். இன்று கொடுத்த மருந்து இன்றைய முட்டையின் வெள்ளைக் கருவில் மட்டுமல்ல, அடுத்த கிழமை வரப்போகும் முட்டையின் மஞ்சள் கருவிலும் படிகிறது. மருந்தை நிறுத்திய அடுத்த நாள் "இப்போ சுத்தம்" என்று சொல்வது உடற்கூறு தெரியாத பேச்சு.

"அவிச்சா எல்லாம் போயிடும் சேர்" என்று எமக்குப் படிப்பிக்க வருபவர்கள் இருக்கிறார்கள். அவித்தால் கிருமி சாகும், உண்மை. மருந்து கிருமியல்ல. சிப்ரோ வகை மருந்துகள் கொதிநீருக்கெல்லாம் பெரிதாக அசைவதில்லை.

ஆனால் முட்டைக்குள் இருக்கும் அந்தச் சொட்டு மருந்து இந்தக் கதையின் சிறிய பாதிதான். பெரிய பாதி கோழியின் குடலுக்குள் நடக்கிறது. குறைந்த அளவில், அடிக்கடி, தேவையில்லாமல் கொடுக்கும் அன்டிபயோடிக் குடலிலுள்ள பலவீனமான பக்டீரியாக்களைக் கொன்றுவிட்டு, தாக்குப்பிடிக்கக்கூடியவற்றை மட்டும் மிச்சம் வைக்கிறது. அவை பெருகுகின்றன. தாக்குப்பிடிக்கும் குணத்தைப் பக்கத்திலிருக்கும் வேறு பக்டீரியாவுக்கும் கொடுக்கின்றன. பிறகு எருவோடு வெளியே வருகின்றன. கோழி எருவை நாம் எங்கே போடுகிறோம்? மரக்கறிப் பாத்தியில், மிளகுக் கொடியின் அடியில். மழைக்கு மிச்சம் ஓடையில். எட்டியாந்தோட்டை, தெரணியகலப் பக்கத்து ஓடைகள் களனி கங்கைக்குப் போகின்றன. மாவனல்லையில் மகா ஓயா ஊரின் நடுவால் போகிறது. 2017 மே மாதம் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியபோது யாருடைய கூட்டு எரு யாருடைய கிணற்றுக்குப் போனது என்று யாரால் சொல்ல முடியும்?

எமது பாடசாலையில் படிக்கும் மகள் ஒருத்திக்குச் சிறுநீரில் கிருமி. விபரம் வேண்டாம். இரண்டு முறை மருந்து கொடுத்தும் குணமில்லை. சிறுநீரைக் கல்ச்சர் பண்ணி வந்த ரிப்போர்ட்டைத் தகப்பன் எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர். கடைசியில் இரண்டே இரண்டு 'எஸ்'. இரண்டும் வைத்தியசாலையில் படுக்கவைத்து ஊசியால் ஏற்றும் மருந்து. தகப்பன் பால் வெட்டுபவர். பத்து நாள் வேலையில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்தக் கிருமி முட்டையால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. மனிதர்களாகிய நாமே தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் பாமசியில் அமொக்சிசிலின் வாங்கி விழுங்குபவர்கள்தான். ஆனால் அந்த 'ஆர்' என்ற எழுத்து எங்கெல்லாம் உற்பத்தியாகிறது என்று பட்டியல் போட்டால் அதில் கோழிக்கூடும் இருக்கிறது.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த பயமல்ல. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். அதற்கு மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் தோமஸ் ஜூக்ஸ் என்பவர், அன்டிபயோடிக் தயாரித்த பிறகு மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. அன்றிலிருந்து தொடங்கிய வியாபாரம் இது. நோய்க்காக அல்ல, எடைக்காக. 1969இல் பிரித்தானியாவில் ஸ்வான் குழு இது ஆபத்து என்று அறிக்கை கொடுத்தது. 1986இல் சுவீடன் வளர்ச்சிக்காக அன்டிபயோடிக் கொடுப்பதைத் தடை செய்தது. 2006 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் தடை.

டென்மார்க்கின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நிறுத்தினால் கோழித் தொழில் அழிந்துவிடும்" என்பவர்களுக்கு அதுதான் பதில். அங்கே அவோபார்சின் என்ற மருந்தைத் தீனில் கலந்து வந்தார்கள். மனிதருக்கு உயிர்காக்கும் வன்கோமைசினின் சொந்தக்கார மருந்து அது. 1995இல் நிறுத்தினார்கள். அந்த வருடம் இறைச்சிக் கோழிகளில் எடுத்த என்டரோகொக்கஸ் பக்டீரியாக்களில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட அந்த மருந்துக்கு அடங்காதவை. 2000ஆம் ஆண்டில் அது 6 வீதத்துக்கு வந்தது. ஐந்தே வருடம். கோழிகள் கூட்டமாகச் செத்து விழவில்லை. நாட்டில் விலங்குகளுக்குப் பாவித்த மொத்த அன்டிபயோடிக் பாதிக்கு மேல் குறைந்தது. பன்றிக் குட்டிகளுக்கு மட்டும் வயிற்றோட்டம் கூடி, சிகிச்சை மருந்து கொஞ்சம் ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அது எமக்குச் சம்பந்தமில்லாத பிராணி, ஆனாலும் கணக்கு கணக்குத்தான்.

இந்தப் பக்கத்து நாடுகளுக்கு வருவோம். கொலிஸ்டின் என்பது வைத்தியசாலைகளில் வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து. அதைக் கோழிக்கும் பன்றிக்கும் தீனில் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினுக்கு அடங்காத குணம் ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணுவாகவே உருவாகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். சீனா 2017இல் தீனில் கலப்பதை நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதையே தடை செய்தது. ஆக, நாம் 2023இல் சந்தேகக் கண்ணால் பார்த்த இந்திய முட்டையின் நாட்டில் இந்த விடயத்தில் ஒரு சட்டமாவது இருந்தது.

எமது நாட்டிலும் கடதாசி இல்லாமலில்லை. 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டம் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள 2017 முதல் 2022 வரை என்று ஒரு தேசியத் திட்டமும் போட்டார்கள். நல்ல திட்டம். அது கொழும்பிலிருந்து புறப்பட்டு அவிசாவளை வரைக்கும் வந்திருக்கலாம். எமது சந்திக் கடையின் தட்டு வரைக்கும் வரவில்லை.

சரி, கொடுக்காதே என்று சொல்வது சுலபம், கோழி வளர்ப்பவர் என்ன செய்வது? இங்குதான் இந்தப் பதிவின் முக்கிய விடயம்.

எமது உம்மம்மா காலத்தில் நாட்டுக் கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து தாயின் பின்னால் மண்ணைக் கிளறி, தாய் எச்சமிட்ட இடத்திலேயே கொத்தித் தின்றது. அருவருப்பாக இருக்கிறதா? அதுதான் அதற்குக் கிடைத்த முதல் மருந்து. தாயின் குடலில் குடியிருந்த நல்ல பக்டீரியாக்கள் அப்படித்தான் குஞ்சின் குடலுக்குக் குடிவந்தன. இப்போது பெட்டியில் அடைத்து வரும் ஒரு நாள் குஞ்சு தாயைக் கண்டதில்லை. மெஷினில் பொரித்து, கழுவித் துடைத்த இடத்திலிருந்து வருகிறது. குடல் வெறும் வீடு. வெறும் வீட்டுக்கு யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் சொந்தம். சல்மொனெல்லா முதலில் வந்தால் அதற்கு.

1971இல் பின்லாந்தில் இறைச்சிக் கோழிகளில் சல்மொனெல்லா பெரிதாகப் பரவியது. நூர்மி, ரந்தாலா என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தது எமது உம்மம்மாவின் கோழி செய்ததைத்தான். ஆரோக்கியமான பெரிய கோழியின் குடலிலுள்ளதை எடுத்து ஒரு நாள் குஞ்சுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகள் சல்மொனெல்லாவைத் தாக்குப்பிடித்தன. 1973இல் நேச்சர் சஞ்சிகையில் அது வந்தது. இன்று புரோபயோடிக் என்று பக்கட்டில் விற்பதன் பின்னாலுள்ள எண்ணம் இதுதான்: கெட்டதைக் கொல்வதற்கு முன் நல்லதைக் குடியேற்று.

புரோபயோடிக் என்றால் உயிருள்ள நல்ல கிருமி. லக்டோபசிலஸ் வகை, தயிரிலும் இருக்கும் இனம். பசிலஸ் சப்டிலிஸ், இது வித்தாகி உறங்கக்கூடியது என்பதால் தீன் தயாரிக்கும் சூட்டைத் தாங்கும். சில வகை ஈஸ்ட். பிரீபயோடிக் என்பது உயிரல்ல, அந்த நல்ல கிருமிக்கான சாப்பாடு. கோழிக்குச் சமிக்காது, ஆனால் குடலின் கடைசிவரை போய் நல்ல பக்டீரியாவுக்கு உணவாகும் நார், மாச்சத்து வகைகள். வெங்காயம், பூண்டு இவற்றில் இயற்கையாக உண்டு. ஈஸ்டின் மேற்சுவரிலிருந்து எடுக்கும் மனன் என்ற ஒரு வகைச் சீனிப் பொருள் இருக்கிறது, அதன் வேலை இன்னும் ருசியானது. சல்மொனெல்லாவும் ஈ-கோலையும் குடல் சுவரில் பிடிப்பதற்குச் சிறு கொக்கிகள் வைத்திருக்கின்றன. அந்தக் கொக்கி இந்தச் சீனியைக் குடல் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்தபடியே எச்சத்தோடு வெளியே போய்விடும். எமது தரம் 9 பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது, ஒருவன் "தூண்டில்ல புழு மாதிரி சேர்" என்றான். எமக்கு அதைவிட நன்றாகச் சொல்ல வராது.

ஈஸ்ட் என்றதும் "பியர் கம்பனி ஈஸ்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எதிலிருந்து எடுத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், பிறகு மௌலவிமாரிடம் கேளுங்கள். நாம் விஞ்ஞான பாட ஆசிரியர், ஃபத்வா எமது வேலையல்ல.

இனி இதையும் ஒரு மாய மருந்தாக்கி விற்க வருபவர்களைப் பற்றி. புரோபயோடிக் நோய் வந்த கோழியைக் குணப்படுத்தாது. எல்லாப் பக்கட்டும் ஒன்றல்ல. ஒரு இனக் கிருமி நல்ல பலன் கொடுத்த ஆய்வும் உண்டு, இன்னொன்று ஒரு பலனும் காட்டாத ஆய்வும் உண்டு. எந்த இனம், ஒரு கிராமில் எத்தனை, காலாவதித் திகதி என்ன என்று எழுதாத பக்கட்டை வாங்காதீர்கள், அதில் மாவு மட்டும் இருக்கலாம். வெயிலில் வைத்த கடையில் வாங்காதீர்கள், செத்த கிருமிக்குக் காசு கொடுப்பீர்கள். குளோரின் போட்ட பைப் தண்ணீரில் கலக்காதீர்கள், ஒரு இரவு திறந்து வைத்த தண்ணீரில் கலந்து சில மணிநேரத்துக்குள் குடிக்க விடுங்கள். அன்டிபயோடிக்கையும் இதையும் ஒரே நேரத்தில் கொடுப்பது குடியேற்றிய வீட்டுக்கு நாமே நெருப்பு வைப்பது மாதிரி. வீட்டுத் தயிரைக் கரைத்துக் கொடுக்கிறோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கொஞ்சம் என்றால் கெடுதியில்லை, ஆனால் பால் சீனி கோழிக்குச் சரியாகச் சமிக்காது, கூடினால் கழியும்.

அதோடு, கூட்டில் ஈரமான மரத்தூள், மூச்சு முட்டும் அமோனியா மணம், பாசி பிடித்த தண்ணீர்ப் பாத்திரம் இருந்தால் எந்தப் பக்கட்டும் உதவாது. எமது சபரகமுவ மழைக்கு இது பெரிய விடயம். தடுப்பூசியும் அப்படித்தான். ராணிக்கெட், கம்போரோ இரண்டும் வைரஸ் நோய். வைரஸுக்கு அன்டிபயோடிக் வேலை செய்யவே செய்யாது. தடுப்பூசி போடாமல் விட்டுவிட்டு, ராணிக்கெட் வந்த பிறகு பவுடர் கரைத்துக் கொடுப்பவர்கள் கோழியையும் இழந்து காசையும் இழக்கிறார்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகம் எதற்கு இருக்கிறது? மாதத்தில் ஒரு நாளாவது போய்ப் பேசுங்கள். பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது, கன்னொறுவையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எமது மாகாணத்திலேயே பெலிஹுல்ஓயாவில் சபரகமுவ பல்கலைக்கழகத்தில் விவசாய பீடமும் அதில் கால்நடைப் பிரிவும் இருக்கின்றன. எமது தோட்டங்களிலிருந்து ஒரு மணித்தியால, இரண்டு மணித்தியாலத் தூரம். அவர்களை அழைத்து ஒரு சனிக்கிழமை ஊரில் பேசவைக்க இத்தனை சங்கங்களில் ஒரு சங்கத்துக்கும் தோன்றவில்லை. கிரிக்கெட் டோனமென்டுக்கு மட்டும் பெனர் அடிக்கிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எமது மக்களுக்குக் கோழி விடயத்தில் பயமே இல்லை என்றில்லை. பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. "ஊசி போட்ட கோழி, ஹோர்மோன் கோழி" என்று கல்யாண வீட்டில் புரியாணி தின்றுகொண்டே பேசுகிறோம். வளர்ச்சி ஹோர்மோன் புரதம், தீனில் கலந்தால் இரைப்பையிலேயே செரித்துப் போகும். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போட எந்தப் பண்ணையிலும் ஆள் கிடையாது. கோழி வேகமாக வளர்வது இனத் தெரிவாலும் தீனாலும்தான். இல்லாத ஹோர்மோனுக்கு இவ்வளவு பேச்சு, கண் முன்னால் மேசையில் போட்டு விற்கும் அன்டிபயோடிக்குக்கு ஒரு பேச்சும் இல்லை.

ஹலால் என்று சொன்னால் நாம் கத்தியையும் பிஸ்மியையும் பார்க்கிறோம். தய்யிப் என்ற மற்றச் சொல்லை அநேகமாக மறந்துவிட்டோம். பிக்ஹ் நூல்களில் ஜல்லாலா என்று ஒரு பாடம் இருக்கிறது, அசுத்தம் தின்று வளர்ந்த பிராணி. கோழி என்றால் மூன்று நாள் அடைத்து வைத்து, சுத்தமான தீன் கொடுத்துப் பிறகு அறுப்பது இப்னு உமர் (ரழி) அவர்களின் வழக்கமாக அறிவிக்கப்படுகிறது. மருந்து கொடுத்த கோழிக்கு இதே ஹுக்ம் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பிராணி எதைத் தின்றது, அது உடலை விட்டுப் போக எத்தனை நாள் என்ற கேள்வி எமது மார்க்க அறிஞர்களுக்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே இருந்தது. மிருக வைத்தியர்கள் இன்று மருந்துக்குப் பிறகு இத்தனை நாள் காத்திரு என்று சொல்வதை "வெள்ளைக்காரன் சட்டம்" என்று ஒதுக்குபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே வைத்து விற்றவரின் சம்பவத்தை ஜும்மாவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். மருந்து கொடுத்த மூன்றாம் நாள் முட்டையை ஒன்றும் சொல்லாமல் விற்பது அதிலிருந்து எவ்வளவு தூரம்?

அதற்காக அந்தத் தோட்டத்துத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் சம்மதிக்க மாட்டோம். இதுதான் எமக்கு மிகவும் கோபம் வரும் இடம். அவரிடம் 40 கோழி என்று வையுங்கள். தினம் 30 முட்டை. கோழிக்கு உண்மையாகவே வருத்தம் வந்து, மிருக வைத்தியர் மருந்து எழுதி, பத்து நாள் முட்டையை விற்க வேண்டாம் என்றால் 300 முட்டை கொட்ட வேண்டும். 40 ரூபாய்ப்படி 12,000 ரூபாய். தோட்டச் சம்பளத்தில் அது எத்தனை நாள் பெயர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தீன் மூடைக் கடன் வேறு. யாருடைய சுகத்துக்காக அவர் அந்த முட்டையைக் கொட்ட வேண்டும்? எமது பிள்ளைகளின் சுகத்துக்காக. அப்படியானால் நட்டம் ஏன் அவருடையது மட்டும்? ஜனாஸா சங்கத்துக்கு மாதாமாதம் காசு கட்டுகிறோம். பள்ளிவாசல் கூரைக்கு ஓடு மாற்ற ஒரே ஜும்மாவில் சேர்க்கிறோம். எம்மிடம் முட்டை விற்கும் பத்துப் பதினைந்து வீட்டுக்கு, வைத்தியரின் துண்டைக் காட்டினால் அந்தப் பத்து நாள் நட்டத்தில் பாதியைக் கொடுக்கும் ஒரு சிறு நிதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம்? அவர் தமிழர், நாம் முஸ்லிம், பக்கத்தில் சிங்கள வீடு. குடல் கிருமி தேசிய அடையாள அட்டை பார்த்துப் பரவுவதில்லை.

கடைக்காரர் விடயத்தில் அந்த இரக்கம் எமக்கு இல்லை. அவருக்கு வாசிக்கத் தெரியும். அவர் எமது ஆள், எமது ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர், இந்தப் பதிவை வாசிப்பவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். வைத்தியரின் துண்டில்லாமல் கோழிக்கு அன்டிபயோடிக் விற்காதீர்கள். "மாசத்துக்கு ஒரு தரம் குடுங்க, முட்டை கூடும்" என்ற அந்த வசனத்தை மட்டுமாவது இன்றோடு நிறுத்துங்கள். பக்கட்டில் வரும் இலாபத்தைவிட நல்ல புரோபயோடிக், தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டி, சுண்ணாம்பு, காய்ந்த மரத்தூள் விற்றும் வியாபாரம் செய்யலாம்.

பெரிய பண்ணைகளுக்கும் தீன் கம்பனிகளுக்கும் எமது குரல் எட்டாது என்பார்கள். ஒரு வீடு கேட்டால் எட்டாது. ஒரு நகரத்தின் ஹோட்டல்கள், பேக்கரிகள், பாடசாலைகள் சேர்ந்து லொறிக்காரரிடம் "இந்தப் பண்ணைத் தீனில் என்ன கலக்கிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் அடுத்த கிழமை பதிலோடுதான் வருவார். லொறி திரும்பிப் போவது அவருக்கு நட்டம்.

எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இந்த மாதக் கடைசியில் கூடுகிறது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு முட்டை யாரிடம் எடுப்பது என்பது அன்று பேசப்படும். இம்முறை விலைக் கேள்வியோடு மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வைப்போம். கடந்த ஒரு மாதத்தில் கோழிக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள், யார் எழுதித் தந்தது? கடைசியாகக் கொடுத்து எத்தனை நாள்? தடுப்பூசி அட்டை இருக்கிறதா? பதில் சொல்பவரிடம் ஒரு முட்டைக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் எடுக்கலாம் என்பது எமது யோசனை. பெற்றோர்கள் அன்று வரவேண்டும். நட்ட நிதி பற்றியும் அன்றே பேசுவோம். கோழி வளர்ப்பவர்களும் வாருங்கள், உங்கள் தீன் பக்கட்டின் வெற்றுப் பையையும் கையோடு கொண்டு வாருங்கள், எழுதியிருப்பதைச் சேர்ந்திருந்து வாசிப்போம்.